வீட்டுக் கணக்கு: வெயிலுக்கு விலை உண்டா?

மதுரையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். "என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்" என்று முதல் வரியிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார். போடவில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏனென்றால், இதே விஷயத்தைப் பற்றி வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் சேர்ந்துவிட்டது.

வீட்டுக்காரர் சென்ற ஆண்டு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்ததில் நாலரை லட்சத்தைப் பாங்கியில் போட்டுவைத்திருக்கிறார்கள். வருகிற தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். இந்த நிலையில் ஒரு நாள் மத்தியானம், கையில் பளபளக்கும் புத்தகத்தோடு ஒரு வாலிபர் வந்திருக்கிறார்.

"அம்மா, மொட்டை மாடி சும்மாத்தானே கிடக்கிறது? அஞ்சு கிலோவாட் சோலார் போட்டுவிடலாம். நாலு பாட்டரியும் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கரண்டு பில்லே கிடையாது. ஊரெல்லாம் இருட்டாக இருந்தாலும் உங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரியும்."

"அது சரி தம்பி, செலவு என்ன ஆகும்?"

"நாலரை லட்சம்தான் அம்மா. அதிலே 78,000 ரூபாய் சர்க்கார் திருப்பிக் கொடுத்துவிடும்."

அந்த நாலரை லட்சம் பாங்கியில் இருப்பது இந்தத் தம்பிக்கு எப்படித் தெரிந்தது என்று சகோதரிக்கு ஆச்சரியம்! தெரிந்திருக்காது. நம் வீட்டில் எவ்வளவு இருக்கிறதோ, வருகிறவர்கள் சொல்லும் விலையும் அங்கேதான் வந்து நிற்கும்; அது உலக வழக்கம். வீட்டுக்காரர் பாதி சம்மதித்துவிட்டாராம். பாங்கி டெபாசிட்டை உடைக்கலாமா என்பதுதான் கேள்வி.

நல்ல வேளையாக, சகோதரி ஒரு காரியம் செய்திருக்கிறார். கடைசி ஆறு மின்சாரப் பில்களில் கண்ட யூனிட்டுகளைக் கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறார். 370, 350, 410, 430, 360, 340. சோலார் பற்றி யார் என்ன சொன்னாலும், இந்த ஆறு எண்கள் இல்லாமல் பேசுவது ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்ப்பது மாதிரி. தகட்டின் விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறார்கள். எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை அல்ல. மாடிப்படி மாதிரி, மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் விலை கூடும். 2024 ஜூலையில் வந்த விகிதத்தைச் சொல்கிறேன். சர்க்கார் மானியம் கழித்து நாம் கையிலிருந்து கொடுப்பது இது. முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட் ஒவ்வொன்றும் 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. இது 500 யூனிட்டுக்குள் நிற்கிறவர்களுக்கு. 500-ஐத் தாண்டினவர்களுக்கு வேறு கணக்கு: அந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை போய்விடும், 101-லிருந்து 400 வரை எல்லாமே 4 ரூபாய் 70 காசு. அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய் 30 காசு, 600 வரை 8 ரூபாய் 40 காசு, 800 வரை 9 ரூபாய் 45 காசு, 1000 வரை 10 ரூபாய் 50 காசு, அதற்கும் மேலே 11 ரூபாய் 55 காசு. விகிதங்கள் அவ்வப்போது மாறும். இதைப் படிக்கிறபோது உங்கள் கையிலுள்ள கடைசிப் பில்லில் என்ன விகிதம் இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். சரியாக 500 யூனிட் எரித்தவருக்கு 1,805 ரூபாய். இன்னும் ஒரே ஒரு யூனிட் கூட எரித்து 501 ஆக்கினவருக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! இஸ்திரிப் பெட்டியைக் கடைசி நாளில் யார் எடுத்தார்கள் என்று வீட்டில் விசாரணை நடத்தினாலும் தப்பில்லை.

சோலார் தகடு என்ன செய்கிறது என்றால், இந்த மாடிப்படியில் உங்களை மேலேயிருந்து கீழே இறக்குகிறது. முதலில் மிச்சமாவது உச்சிப் படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட். கீழே இறங்க இறங்க மிச்சமாகும் யூனிட்டின் விலை குறைந்துகொண்டே வரும். அடிப்படியில் இருப்பதோ இலவச யூனிட். அதைத் தகடு வைத்து மிச்சம் பிடிப்பதில் யாருக்கு என்ன லாபம்? தகடு ஒன்றுதான், ஆனால் அது எந்த வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் சம்பாத்தியம் மாறும்.

சம்பாத்தியம் எவ்வளவு? ஒரு கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் ஆண்டுச் சராசரியாக நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மாடியில் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். இப்போது வருகிற பெரிய தகடு ஒன்று ஏழரை அடி நீளம், நாலடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஒரு மூட்டை சிமெண்டில் பாதிக்கு மேல் கனம். அப்படி இரண்டு தகடு சேர்ந்தால் ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கூடவே வரும்.

இப்படி வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கன் தகடு ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச்சாலைக்காரர்கள் 1954 ஏப்ரலில் இதை உலகத்துக்குக் காட்டினார்கள். விழுந்த வெயிலில் சுமார் 6 சதவிகிதத்தைத்தான் அன்றைய தகடு மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைப்பது 20 சதவிகிதத்துக்கு மேல். நமது இராமநாதபுரம் ஜில்லாவில் கமுதிக்குப் பக்கத்தில் 2016-இல் 648 மெகாவாட்டுக்கு ஒரு சோலார் நிலையமே எழும்பியது. கருவேல முள்ளும் வெயிலும்தான் உண்டு என்று நாம் அலுத்துக்கொண்ட பூமி அது.

ஆனால் வெயில் கொளுத்தினால் மின்சாரமும் கொட்டும் என்று நினைக்காதீர்கள். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். உஷ்ணம் அதற்கு விரோதி. தகடு சூடேறச் சூடேற, ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் சக்தி குறையும். அக்கினி நட்சத்திரத்து மத்தியானத்தைவிட, வானம் நிர்மலமாக இருக்கும் மாசி பங்குனியில்தான் அது சந்தோஷமாக வேலை செய்யும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதுவும் நம்மைப் போலவே போர்த்திக்கொண்டு படுத்துவிடும். ஆகையால்தான் நாளைக்கு 4 யூனிட் என்பது சராசரிக் கணக்கு. "தினம் கட்டாயம் 5 யூனிட் வரும் சார்" என்று ஒருவர் சத்தியம் செய்தால், கார்த்திகை மாதத்துக்கும் சேர்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சரி, இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். ஏ.சி. இரண்டு, வாஷிங் மெஷின், மோட்டார், எல்லாம் உண்டு. பில் 5,820 ரூபாய். இவர்கள் ஒரு கிலோவாட் தகடு வைத்தால் 240 யூனிட் குறைந்து 660, பில் 3,447. மிச்சம் 2,373 ரூபாய். இரண்டாவது கிலோவாட்டும் வைத்தால் 420 யூனிட், 500-க்குள் வந்தாயிற்று, சலுகையும் திரும்பி வந்துவிட்டது, பில் 1,301. இன்னும் 2,146 ரூபாய் மிச்சம். மூன்றாவது கிலோவாட்? 180 யூனிட்டுக்கு இறங்கி, பில் 188 ரூபாய். அது மிச்சம் பிடித்தது 1,113 தான். நாலாவது கிலோவாட் வைத்தால் சம்பாத்தியம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பில்லில் மிச்சம் 188 ரூபாய்க்கு மேல் ஏது? மூன்றோடு நிறுத்திக்கொண்டால் வருஷத்துக்கு 33,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். 3 கிலோவாட்டுக்கு இன்று ஏறக்குறைய 2 லட்சம் ஆகிறது. மத்திய சர்க்கார் மானியம் 78,000 போனால் கைச்செலவு 1,22,000. நாலு வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். தகடு 25 வருஷம் உழைக்கக்கூடியது. இந்த வீட்டுக்காரர் என்னிடம் கேட்டால், "ஏன் இன்னும் யோசிக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பேன்.

இரண்டாவது வீடு, நம் மதுரைச் சகோதரியின் வீடு. ஆறு பில்லையும் கூட்டி வகுத்தால் ஒரு பில்லுக்கு 380-க்குக் கொஞ்சம் குறைவு; 380 என்றே வைத்துக்கொள்வோம். பில் 1,081 ரூபாய். அந்தத் தம்பி சொல்லும் 5 கிலோவாட், இரண்டு மாதத்தில் சுமார் 1,200 யூனிட் உற்பத்தி செய்யும். எரிப்பது 380! மீதி 820 யூனிட்டை யார் சாப்பிடுவது? மின்வாரியத்துக்குக் கொடுத்தால் அடுத்த பில்லில் வரவு வைப்பார்கள், அங்கேயும் மிச்சம்தான். வருஷக் கணக்கை முடிக்கும்போது எஞ்சி நிற்பதற்கு, நாம் வாங்குகிற விலை கிடைக்காது. ஆக, வருஷம் முழுவதும் பில்லே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மிச்சமாவது 1,081 பெருக்கல் 6. அதாவது 6,486 ரூபாய். நாலரை லட்சத்தில் மானியம் போக 3,72,000 ரூபாய் போட்டு, வருஷத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். முதல் திரும்ப 57 வருஷம் ஆகும். பாங்கியில் தூங்குகிற பணம் அதைவிட அதிகமாகச் சம்பாதிக்கும்.

ஒரே ஒரு கிலோவாட் வைத்தால்? சிறிய அளவுக்குச் செலவு சற்றுக் கூட. 75,000 என்று கொள்ளலாம். மானியம் 30,000 போக 45,000. பில் 1,081-லிருந்து 94 ரூபாய்க்கு இறங்கும். வருஷத்துக்கு 5,900 ரூபாய் மிச்சம். ஏழரை வருஷத்தில் முதல் வரும். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவசரப்பட வேண்டிய காரியமுமல்ல.

அதற்கு முன்னால் வீட்டின் கூரையைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். சகோதரி வீட்டில் நாலு மின்விசிறி, எல்லாம் பத்து வருஷத்துப் பழசு என்று எழுதியிருக்கிறார். பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கிறது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம்; நாலுக்கும் 130. பில் 470 ரூபாய்க்கு வந்துவிடும். விசிறி ஒன்று மூவாயிரம் என்றாலும் செலவு 12,000. மூன்றேகால் வருஷத்தில் முதல் வந்துவிடும். தகட்டுக்கு முன்னால் விசிறி! விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? அவர்கள் விசிறி விற்கவில்லை.

இந்தக் கணக்கை ஒன்று மட்டும் புரட்டிப்போடும். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிறார், அதற்காக ஏ.சி. வைக்கவேண்டும் என்று முடிவாகிவிட்டால், ஒன்றரை டன் ஏ.சி. இரவு முழுவதும் ஓட 6 முதல் 8 யூனிட் வரை கேட்கும். தினமும் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு நானூறு யூனிட் சுலபமாக ஏறி, சகோதரியின் வீடு முதல் வீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். அப்போது 2 கிலோவாட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு. மாப்பிள்ளை மூன்று நாளில் ஊருக்குப் போய்விடுவார், ஏ.சி. போகாது.

இனிப் பாட்டரி. எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழம்பியிருப்பது இங்கேதான்.

பகலில் தகடு கொடுப்பதை வீடு முழுவதும் அப்போதே எரித்துவிட முடியாது. மிஞ்சுவது மீட்டர் வழியாக வெளியே தெருக் கம்பிக்குப் போகும். ராத்திரியில் தகடு தூங்கும்போது அதே கம்பியிலிருந்து நாம் வாங்கிக்கொள்கிறோம். போனதையும் வந்ததையும் இருபக்கமும் எண்ணும் மீட்டர் ஒன்று வைப்பார்கள். கழித்தது போக நிற்பதற்குத்தான் பில். பகலில் அடுத்த வீட்டுக்கு ஒரு கரண்டி காப்பிப்பொடி கொடுத்து, ராத்திரியில் திருப்பி வாங்கிக்கொள்வது மாதிரி. கொடுத்து வைத்தால் கெட்டுப்போகாது, குறையாது. இப்படி மின்வாரியமே பத்திரப்படுத்திக் கொடுக்கும்போது, பில்லைக் குறைப்பதற்காகப் பாட்டரி வாங்குவானேன்?

அந்தத் தம்பி சொன்ன நாலு பாட்டரியைக் கணக்குப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி உள்ள ஈயப் பாட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கிறது என்பது ஏட்டுக் கணக்கு. பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே நாலிலிருந்தும் நாளைக்கு மூன்று யூனிட் எடுக்கலாம். நாலுக்கும் உத்தேசமாக 60,000 ரூபாய். தினமும் இப்படி உழைத்தால் ஆயுள் ஐந்து வருஷம். வகுத்துப் பாருங்கள்: பாட்டரிக்குள் போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய் கூலி! சகோதரி கொடுக்கும் உச்சிப் படி விலையே 4 ரூபாய் 70 காசுதான். லித்தியம் பாட்டரியானால் விலை அதிகம், ஆயுளும் பத்து வருஷத்துக்குக் குறையாது, கூலி இறங்கும். ஆனாலும் தெருக் கம்பியே செய்கிற வேலை அது.

"அப்படியானால் கரண்டு போகும்போது?" என்று கேட்பீர்கள்.

பாட்டரி இல்லாத சாதாரண சோலார் வீட்டில், தெருவில் மின்சாரம் போனால் வீட்டிலும் போய்விடும். நட்ட நடுப் பகலில், தகட்டின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதும் அப்படித்தான். இரண்டு லட்சம் செலவழித்த வீட்டில் முதல் மின்தடை அன்று என்ன நடக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். "ஏண்டா, மாடியிலே வெயில் அந்தக் கொளுத்துக் கொளுத்தறது, கீழே விசிறி நின்னு போச்சே? உன்னை நல்லா ஏமாத்திப்பிட்டாண்டா!" என்று பாட்டி மாடிப்படியின் கீழே நின்று கேட்பாள். பிள்ளைக்குப் பதில் தெரியாது. விற்றவர் சொல்லியிருந்தால் அல்லவா தெரியும்?

யாரும் ஏமாற்றவில்லை. கருவி வேண்டுமென்றேதான் நிறுத்திக்கொள்கிறது. சோலார் இன்வெர்ட்டர் தெருக் கம்பியின் நாடியைப் பிடித்துக்கொண்டே வேலை செய்வது. விநாடிக்கு 50 தடவை அடிக்கும் அந்த நாடி நின்ற மாத்திரத்தில் அதுவும் நின்றுவிடவேண்டும் என்பது விதி. காரணம், கம்பத்தின் மேல் ஒரு லைன்மேன் ஏறியிருக்கலாம். லைனை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அவர் கம்பியைத் தொடுகிறார். உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தால்? அவருக்கும் வீட்டில் பெண்டு பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆகவே, "அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டால் தடை நேரத்திலும் ஓடும் சார், நான் செய்து தருகிறேன்" என்று யாராவது கெட்டிக்காரர் வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தடை நேரத்திலும் வெளிச்சம் வேண்டுமென்றால் அதற்கு நேரான வழி, தெருக் கம்பியிலிருந்து வீட்டைத் தனியே பிரித்துக்கொண்டு பாட்டரியில் ஓட்டும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர். அதையும் வீடு முழுவதற்கும் வைக்கவேண்டியதில்லை. இரண்டு புது விசிறி, நாலு எல்.இ.டி. விளக்கு, இவ்வளவும் சேர்ந்து 100 வாட். ஐந்து மணி நேரத்துக்கு அரை யூனிட். அதற்கு ஒரு பாட்டரியும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டருமே போதும். பல வீடுகளில் அது ஏற்கெனவே மூலையில் இருக்கிறது, சோலாரே வேண்டாம்.

பாட்டரி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் பிராணவாயு இயந்திரத்தோடு ஒரு நோயாளி இருந்தால், சின்ன இயந்திரமே சுமார் 350 வாட் கேட்கும். அங்கே ரூபாய்க் கணக்குப் பார்க்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அங்கே இருக்கிறவர் பெரிய பாட்டரியும் ஹைப்ரிடும் வாங்கினால், அவர் வாங்குவது தைரியத்தை. அதற்கு விலை கொடுக்கலாம். ஆனால் அதைத் தைரியம் என்று பெயர் சொல்லி வாங்கவேண்டும். மிச்சம் என்று நினைத்து வாங்கக் கூடாது.

மானியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்கும் தலைக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000. ஐந்து வைத்தாலும் பத்து வைத்தாலும் அதற்கு மேல் கிடையாது. 2026-27 நிதியாண்டு வரை என்று அறிவித்திருக்கிறார்கள். தகடு உள்நாட்டில் செய்ததாக இருக்கவேண்டும்; திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தார்தான் வைக்கவேண்டும். வேலை முடிந்து, மீட்டர் வைத்து, அதிகாரிகள் பார்த்த பிறகு, பணம் நேரே உங்கள் பாங்கிக் கணக்குக்கு வரும். நடுவில் ஒருவர் கைக்கும் போகாது. "மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணமாக ஐயாயிரம் கொடுங்கள்" என்றால் அது வேறு வியாபாரம்.

இன்னொன்று, பலர் தடுக்கி விழுகிற இடம். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? அநேக வீடுகளில் மாமனார் காலமாகிப் பத்து வருஷம் ஆகியும் பில் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். நாமும் பக்தியோடு கட்டிக்கொண்டிருப்போம். மானியத்துக்கு மனுப் போட்டால் அங்கே நின்றுவிடும். முதலில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்ளுங்கள். அடுக்கு வீட்டில் இருக்கிறவர்களுக்கு மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அந்தப் பஞ்சாயத்து தனிக் கட்டுரைக்கு உரியது.

வைப்பது என்று தீர்மானித்துவிட்டால் கவனிக்க வேண்டியது நிழல். தகட்டுக்குள் இருக்கும் கண்ணறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஓரத்தில் விழுந்தால்கூட அந்த ஓரத்தோடு நஷ்டம் நிற்காது. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மாடியில் எங்கே நிழல் விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியும் அடுத்த வீட்டு மாடியும்தான் பெரிய எதிரிகள். தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைப்பது நம் ஊருக்குப் பொருத்தம். சாய்வு இருந்தால் மழையே பாதி தூசியைக் கழுவிவிடும். மீதியை விடியற்காலையில் நல்ல தண்ணீர் விட்டு மெல்லத் துடைக்கலாம். உச்சி வெயிலில் காய்ந்த கண்ணாடி மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீரும் ஆகாது. வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும்.

தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஏழரை அடித் தகடு காற்றுக்கு ஒரு பாய்மரம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் செய்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கால்கள் தளத்தில் எப்படிப் பிடித்திருக்கின்றன, துளை போட்ட இடத்தில் மழைநீர் இறங்காமல் என்ன செய்திருக்கிறார்கள், இடிதாங்கியும் பூமிக் கம்பியும் தனித்தனியாக உண்டா என்பதை வேலை நடக்கும்போதே பக்கத்தில் நின்று கேளுங்கள். தகட்டுக்கு 25 வருஷம் உத்தரவாதம் என்பார்கள். இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷம் என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள், முதலில் பழுதாவது அதுதான்.

ஆகவே சகோதரி, பாங்கி டெபாசிட்டைத் தொடவேண்டாம். பில்களையும் இந்தப் பக்கத்தையும் வீட்டுக்காரர் காப்பி சாப்பிடும் நேரத்தில் மேஜைமேல் வைத்துவிடுங்கள். யார் எழுதிக் கேட்டார்கள் என்று அவர் கேட்டால், மதுரையில் எத்தனையோ சகோதரிகள். கல்யாணம் முடியட்டும். விசிறிகளை மாற்றுங்கள். அதன்பிறகு வரும் மூன்று பில்களைப் பார்த்து, ஒரு கிலோவாட் வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த ஆடிக்குள் முடிவு செய்தால் போதும்.

கடிதத்தின் கடைசி வரியில், "அப்படி மாடியில் தகடு வந்துவிட்டால் நான் வடாம் எங்கே காயவைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கும் பதில் உண்டு. ஒரு கிலோவாட் அடைப்பது பத்துக்குப் பத்து அடி இடம். மிச்ச மாடி உங்களுடையதுதான். தகட்டின் கீழே மட்டும் பரப்பாதீர்கள், அங்கே எப்போதும் நிழல். துணிக்கொடியைத் தகட்டுக்கு வடக்குப் பக்கமாக நாலடி தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்பது கஜத்தின் நிழல் தகட்டின்மேல் விழக்கூடாது. காக்காய்க்குத்தான் ஏதாவது செய்யவேண்டும். அது முன்பு வடாத்துக்காக மட்டும் வந்துகொண்டிருந்தது. இனித் தகட்டின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு காத்திருக்கும்.